"பிக் அப்": ஒரே வினைக்கு இத்தனை பொருளா? எங்கே எந்த மாற்றுச் சொல் பொருந்தும்?

கேள்வி: வைப்பாறு

போட்டித் தேர்வுக்கும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும் படிக்கிறவர்களுக்கு ஃபிரேசல் வெர்ப் (வினையோடு "அப்", "ஆன்" போன்ற சிறு சொல் சேர்ந்து வருவது) சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "பிக் அப்" வந்ததும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. அகராதியில் பொருள் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. மனப்பாடம் செய்தவர்களும் வாக்கியத்தில் பார்க்கும்போது "பொறுக்கு", "தூக்கு" என்ற இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். எடுத்துக்காட்டுக்கு இந்த ஐந்து:

ஷீ பிக்ட் அப் தமிழ் இன் மதுரை.
த விண்ட் இஸ் பிக்கிங் அப்.
த போலீஸ் பிக்ட் ஹிம் அப் அட் மிட்நைட்.
லெட்ஸ் பிக் அப் வேர் வீ லெஃப்ட் ஆஃப்.
த ஸ்கேன் பிக்ட் அப் எ ஸ்மால் ஸ்டோன்.

பொருளைப் பிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா? ஒவ்வொரு பொருளுக்கும் முறையான எழுத்து நடையில் எந்த ஒற்றைச் சொல்லைப் போடலாம்? எங்கே போடவே கூடாது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: மரப்பாலம்

பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். "பிக் அப்" என்ற இரண்டு சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பொருள் கிடைக்காது. பக்கத்தில் இருக்கிற பெயர்ச்சொல்தான் பொருளைச் சொல்லும். ஆகவே மாணவர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எதை? எது? "எதை" என்பதற்கு விடை இருந்தால், அதாவது செயப்படுபொருள் இருந்தால், அது என்ன வகைப் பொருள் என்று பார்க்க வேண்டும். விடை இல்லையென்றால் எழுவாயைப் பார்க்க வேண்டும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிதே அல்ல. "பிடி" என்ற நம் வினையைப் பாருங்கள். சளி பிடித்தது, வண்டி வேகம் பிடித்தது, ரேடியோவில் இலங்கை நிலையம் பிடித்தது, போலீஸ் பிடித்தது, வியாபாரம் சூடுபிடித்தது. இந்த ஐந்துக்கும் ஆங்கிலத்தில் "பிக் அப்" போடலாம். "எடு"வும் இப்படித்தான்: பேனாவை எடு, போனை எடு, வரும் வழியில் ரெண்டு பாக்கெட் பால் எடுத்துக்கொண்டு வா. "நேத்து ராத்திரி அவனைத் தூக்கிட்டாங்க" என்றால் யார் தூக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நம் வினையில் பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருளை எடுக்கிற மாணவர், ஆங்கிலத்தில் மட்டும் வினையையே முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி வகை வகையாக.

கையால் எடுப்பது. இதுதான் அடிப்படைப் பொருள்: கீழே அல்லது மேசைமேல் இருப்பதைக் கையில் எடுப்பது. "லிஃப்ட்" இதற்கு முழு ஒத்த சொல் ஆகாது. "லிஃப்ட்" என்றால் உயரத் தூக்குவது; அதில் கனமும் முயற்சியும் உண்டு. பேனாவை "லிஃப்ட்" செய்தால் சிரிப்பார்கள். "கையைத் தூக்கு" என்பதற்கும் "பிக் அப்" வராது, "ரெய்ஸ்"தான். தமிழ் "தூக்கு" மூன்றையும் சுமப்பதால் இந்தப் பிழை நம்மிடம் அதிகம்.

"அப்" விட்டுப்போனால் பொருளே மாறும். "பிக் மேங்கோஸ்" என்றால் மரத்திலிருந்து பறிப்பது. "பிக் அப் மேங்கோஸ்" என்றால் விழுந்து கிடப்பதைப் பொறுக்குவது, அல்லது கடையில் வாங்கி வருவது. பறி, பொறுக்கு என்ற இரண்டும் நமக்குத் தனித்தனிச் சொல்லாக இருப்பதால் வகுப்பில் இதை ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடலாம்.

ஆளை அழைத்துக்கொள்வது. வண்டியில் போய் ஏற்றிக்கொண்டு வருவது. மாற்றுச் சொல் "கலெக்ட்", சில இடங்களில் "ஃபெட்ச்". இங்கே ஒரு கண்ணி உண்டு. இடமும் காரணமும் சொல்லாமல் "ஹீ பிக்ட் அப் எ கேர்ள்" என்று எழுதினால், முன்பின் தெரியாத பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து மடக்கினான் என்ற பொருள் வந்துவிடும். "ஃப்ரம் த ஸ்டேஷன்" என்று இடத்தைச் சேர்த்தால் அந்தச் சந்தேகம் போய்விடும். வேலைக்கான கடிதத்தில் "கலெக்ட்" அல்லது "மீட்" போடுவதே பாதுகாப்பு.

கற்றுக்கொள்வது. உங்கள் முதல் வாக்கியம். மொழி, பழக்கம், உச்சரிப்பு, கைத்தொழில் நுணுக்கம் ஆகியவை செயப்படுபொருளாக வந்தால் இந்தப் பொருள். வகுப்பு, பாடநூல், ஆசிரியர் என்று முறையாக இல்லாமல், பழகிப் பழகி வந்தது என்பதே இதன் சாரம். தட்சிண பாரத இந்தி பிரசார சபாவில் தேர்வெழுதி இந்தி படித்தவரை "பிக்ட் அப் இந்தி" என்று சொன்னால் அவர் உழைப்பைக் குறைப்பதாகிவிடும். அவருக்கு "லேர்ன்ட்" அல்லது "ஸ்டடீட்". "அக்வையர்" முறையான நடைக்கு. "மாஸ்டர்" என்றால் கரைகண்டது, அது "பிக் அப்"புக்கு ஏறத்தாழ எதிர்முனை. தேர்வில் நான்கு விருப்பத்தில் "லேர்ன்" இருந்தால் அதுதான் விடை. "மாஸ்டர்" கண்ணை ஈர்க்கும், தொடக்கூடாது.

நோய் தொற்றுவது. ஒட்டிக்கொள்கிற நோய்க்கு மட்டும்: சளி, வயிற்றுப்போக்கு, பயணத்தில் வந்த காய்ச்சல். சர்க்கரை நோய்க்கோ புற்றுநோய்க்கோ போட்டால் பிழை, அவற்றுக்கு "டெவலப்". முறையான மாற்று "கான்ட்ராக்ட்", பேச்சில் "கேட்ச்".

கண்டறிவது. உங்கள் ஐந்தாவது வாக்கியம். ஸ்கேன், ரேடார், மைக், மோப்ப நாய், மெய்ப்புப் பார்ப்பவர் போன்றவை எழுவாயாக வந்தால் சட்டென்று இந்தப் பொருளுக்குப் போய்விடலாம். முறையான சொல் "டிடெக்ட்". பிழைகளுக்கு "ஸ்பாட்" அல்லது "ஐடென்டிஃபை". சிக்னலை வாங்குவதாக இருந்தால் "ரிசீவ்".

வாங்குவது. போகிற வழியில், அதிகம் யோசிக்காமல், அல்லது மலிவாகக் கிடைத்தது என்று. வீட்டு மனை வாங்கியதை இப்படிச் சொன்னால் பணக்காரப் பெருமை மாதிரி ஒலிக்கும்.

"பிக் அப் த பில்" என்றால் செலவை ஏற்பது. பில்லைக் கையில் எடுத்துப் பார்ப்பது அல்ல. முறையான நடையில் "பேர் த காஸ்ட்". "பே" போட்டாலும் தவறில்லை.

செயப்படுபொருள் இல்லாதவை. காற்று எழுவாய் என்றால் வலுக்கிறது: "இன்க்ரீஸ்", "ஸ்ட்ரெங்தன்". வியாபாரம், விற்பனை என்றால் தேறுகிறது: "இம்ப்ரூவ்", "ரிகவர்". ஆள் எழுவாயாக இருந்து பின்னால் "வேர்" வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வது: "ரெஸ்யூம்", "கன்டின்யூ". உங்கள் நான்காவது அதுதான்.

அமெரிக்க வழக்கில் "பிக் அப் யுவர் ரூம்" என்றால் அறையை ஒழுங்குபடுத்து என்று பொருள், அவ்வளவே. சோர்ந்தவரைத் தெம்பாக்குவதற்கும் இதே வினை உண்டு. இத்தாலிய இனிப்பான டிராமிசுவின் பெயருக்கே "என்னைத் தூக்கிவிடு" என்றுதான் பொருள்.

பதில்: நடுப்பக்கம்

மரப்பாலம் நன்றாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது வாக்கியத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அகராதிகள் "அரெஸ்ட்" என்று போட்டிருக்கும், போட்டித் தேர்வில் அதுவே சரியான விடை. செய்தி மொழிபெயர்ப்பில் அப்படியே "கைது" என்று எழுதினால் பொருள் பிசகும். "பிக்ட் அப் ஃபார் க்வெஸ்சனிங்" என்றால் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள், அவ்வளவுதான். கைது என்பது சட்ட நிலை. இந்திய அரசமைப்பின் 22(2) பிரிவின்படி, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஆங்கில நிருபர் "அரெஸ்டட்" என்று எழுதாமல் "பிக்ட் அப்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் காரணத்தோடுதான். தமிழில் "பிடித்துச் சென்றனர்", "விசாரணைக்கு அழைத்துச் சென்றனர்" என்று அதே இடைவெளியைக் காப்பாற்ற வேண்டும். முறையான ஆங்கிலத்தில் "டிடெய்ன்" நெருங்கி வரும்.

அடுத்தது பொருளாதாரச் செய்தி. "சேல்ஸ் பிக்ட் அப்" என்றால் அதற்கு முன் மந்தம் இருந்தது என்று உள்ளடக்கம். தேக்கமோ சரிவோ இல்லாமல் தொடக்கத்திலிருந்தே ஏறிக்கொண்டு வந்த கோட்டுக்கு இதைப் போடக்கூடாது. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வி வரைபடத்தை 150 சொல்லுக்குக் குறையாமல் விவரிக்கச் சொல்கிறது. இந்தப் பிழை நேர அதைவிட வசதியான இடம் இல்லை. அங்கே "ரோஸ்", "இன்க்ரீஸ்ட்" போதும். சரிந்து, பிறகு மீண்டால் "ரிகவர்ட்". சரிந்த வேகத்திலேயே மேலே வந்தால் "ரீபவுண்டட்". சதவீதம் சொல்ல வேண்டியிருந்தால் "ரோஸ் பை" என்று எழுதச் சொல்லுங்கள். "பிக் அப்" எண்ணோடு ஒட்டி வருவதைவிடப் போக்கைச் சொல்வதற்கே பொருத்தம்.

இதில் ஒரு விபரீதம். "இன்ஃப்ளேஷன் பிக்ட் அப்" என்று படித்துவிட்டு "பணவீக்கம் மேம்பட்டது" என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. பணவீக்கம் கூடியது, வேகமெடுத்தது என்பதே பொருள். இங்கே "இம்ப்ரூவ்" மாற்றுச் சொல்லே அல்ல. ஏறுவது நல்லதா கெட்டதா என்பதை "பிக் அப்" சொல்வதில்லை, எழுவாய்தான் சொல்லும்.

பதில்: ஒட்டுத்திண்ணை

பொருள் எல்லாம் சரிங்க. மார்க் போவது சொல்வரிசையில்.

செயப்படுபொருள் "இட்", "ஹிம்", "தெம்" மாதிரி ப்ரோநவுனாக இருந்தால் நடுவில்தான் வரணும்: "பிக் இட் அப்". "பிக் அப் இட்" என்று எழுதினால் பிழை திருத்தும் கேள்வியில் முதலில் சுழிப்பது அதைத்தான். பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு இடமும் சரி: "பிக் அப் த புக்", "பிக் த புக் அப்". செயப்படுபொருள் நீளமாக இருந்தால் கடைசியில் தள்ளிவிடுங்க. நடுவில் ஏழெட்டுச் சொல்லைத் திணித்தால் "அப்" அநாதையாகப் போய் நிற்கும். "பிக் அப் ஸ்பீட்", "பிக் அப் த பீசஸ்" போல இறுகிப்போன தொடர்களைப் பிரிக்காமல் விடுவதே நல்லது.

"பிக்", "பிக் அப்" குழப்பம் நம் பேச்சில் நிறைய. "ஐ வில் பிக் யூ அட் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு உன்னைத் தேர்ந்தெடுக்கிறேன் என்று ஆகிறது. "பிக் யூ அப்" என்று இருக்கணும். போனுக்கும் இதே கதை. "ஹீ இஸ் நாட் பிக்கிங் மை கால்", "ஹீ இஸ் நாட் லிஃப்டிங்" இரண்டும் நம்ம ஊர் ஆங்கிலம். பொதுவழக்கில் "ஹீ இஸ்ன்ட் பிக்கிங் அப்" என்று செயப்படுபொருள் இல்லாமலே முடித்துவிடலாம். கால் என்ற சொல் கட்டாயம் வேண்டுமென்றால் "ஆன்சர் த கால்".

உச்சரிப்பு. இறந்தகாலத்தில் "பிக்கடு அப்" என்று நடுவில் ஓர் உயிரைச் சேர்க்கிறார்கள். அங்கே வருவது "ட்" ஒலி மட்டும், அதுவும் அடுத்த சொல்லோடு ஒட்டி: "பிக்-டப்". அழுத்தம் "பிக் இட் அப்" என்பதில் "அப்" மேல் விழும். வண்டியைக் குறிக்கிற பெயர்ச்சொல்லாக வந்தால் "பிக்" மேல் விழும், எழுத்திலும் ஒரே சொல்லாகவோ நடுவில் சிறு கோடு போட்டோ வரும். வினையாக வரும்போது எப்போதும் இரண்டு சொல். "ப்ளீஸ் பிக்கப் மீ" என்று ஒட்டி எழுதி அனுப்புவதில் எழுத்து, வரிசை இரண்டும் தப்பு.

பதில்: லெக் ஸ்டம்ப்

கிரிக்கெட் பார்க்கிற பையன்கள் இருந்தால் வர்ணனையிலிருந்தே பாடம் நடத்தலாம்.

"பிக்ட் அப் த்ரீ விக்கெட்ஸ்": மூன்று விக்கெட் எடுத்தார். மாற்று "டுக்".
"பிக்ட் அப் த லெங்த் எர்லி": பந்து எங்கே விழும் என்று முன்பே கணித்துவிட்டார். மாற்று "ஜட்ஜ்", "ரீட்".
"பிக்-அப் ஷாட்": காலுக்கு நேரே வரும் பந்தை லெக் பக்கம் தூக்கி அடிப்பது.
"பேட்டின் பிக்-அப்": கையில் தூக்கினால் எவ்வளவு லேசாகத் தெரிகிறது என்பது. தராசில் ஒரே எடை காட்டுகிற இரண்டு பேட்டில், எடை கீழ் முனைப் பக்கம் அதிகமாக இருப்பது கனமாகத் தெரியும். "குட் பிக்-அப்" என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான், கிராம் கணக்கை அல்ல.

ஆனால் கூக்ளியை, அதாவது லெக் பிரேக் மாதிரி வீசி எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, கண்டுபிடிப்பதற்கு "அப்" கிடையாது. "ஹீ குட்ன்ட் பிக் த கூக்ளி" என்றுதான் வரும். பந்துவீச்சாளர் கையைப் பார்த்து லெக் பிரேக்கா கூக்ளியா என்று பிரித்தறிய முடியவில்லை என்பது பொருள். பல வகையில் ஒன்றைப் பிரித்தெடுப்பதால் "பிக்" மட்டும் போதும். இதை வைத்தே "அப்" என்ன வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பையன்களே சொல்வார்கள்.

கேள்வியாளர்: வைப்பாறு

எல்லோருக்கும் நன்றி. "எதை, எது" என்ற இரண்டு கேள்வியை வைத்தே அடுத்த பாடத்தை அமைக்கிறேன். இன்னும் இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, "வண்டிக்கு பிக்கப் இல்ல" என்கிறோமே, அது ஆங்கிலத்திலும் செல்லுமா, நாமே உண்டாக்கிக்கொண்டதா? இரண்டு, பின்னால் "ஆன்" சேர்ந்து "பிக் அப் ஆன்" என்று வந்தால் என்ன செய்வது?

பதில்: வடமராட்சி

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன், ஏனென்றால் பிரித்தானிய வழக்கை இன்னும் யாரும் தொடவில்லை.

"பிக் அப் ஆன் சம்திங்" என்றால் வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றைக் கவனித்துப் புரிந்துகொள்வது. முகவாட்டம், குரலில் உள்ள எரிச்சல், பேச்சில் ஒளிந்த குறிப்பு இப்படியானவை. மாற்று "நோட்டிஸ்", இன்னும் நுணுக்கமாகச் சொன்னால் "சென்ஸ்". கூட்டங்களிலே வேறொரு பயனும் உண்டு: முன்னர் ஒருவர் சொன்ன கருத்தை எடுத்துத் தொடர்ந்து பேசுவது. "கேன் ஐ பிக் அப் ஆன் யுவர் பாயிண்ட்" என்று தொடங்குவார்கள். இவை இரண்டிலும் செயப்படுபொருள் கடைசியிலேதான் வரும், "இட்" ஆனாலும் "பிக் அப் ஆன் இட்" தான். ஒட்டுத்திண்ணை சொன்ன நடுவில் வைக்கும் விதி இங்கே செல்லாது.

ஆனால் நடுவில் ஆள் வந்துவிட்டால் வேறு கதை. "ஷீ பிக்ட் ஹிம் அப் ஆன் ஹிஸ் ஸ்பெல்லிங்" என்றால் அவருடைய எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார், திருத்தினார், சற்றுக் கண்டிப்போடு. மாற்று "கரெக்ட்", "கிரிட்டிசைஸ்". இது முக்கியமாகப் பிரித்தானிய வழக்கு. மின்னஞ்சலில் வந்தால் பாராட்டென்று நினைத்துவிட வேண்டாம்.

இதோடு "பிக் ஆன் ஹிம்" என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். "அப்" இல்லை. ஒருவரையே குறிவைத்துத் துன்புறுத்துவது என்று பொருள், பள்ளிக்கூடங்களிலே அதிகம் கேட்கும் சொல். தேர்வில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து விருப்பமாக வைத்தால் பாதிப் பேர் விழுவார்கள்.

பதில்: மரப்பாலம்

வண்டி பிக்கப் நாம் கண்டுபிடித்தது அல்ல. வேகமெடுக்கும் திறன் என்ற பொருளில் "பிக்கப்" அமெரிக்க அகராதிகளிலேயே உண்டு. ஆனால் இன்றைய எழுத்தில் "ஆக்சிலரேஷன்"தான் பொதுச்சொல். தேர்வுத் தாளில் அதையே எழுதச் சொல்லுங்கள். மெக்கானிக்கிடம் "பிக்கப்"பே இருக்கட்டும்.

அதே பெயர்ச்சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு என்பதால், வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிகளில் தடுமாறுவார்கள். பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி ஒன்று. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் இன்னொன்று: காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள், மேலே இரும்புத்தந்தி அதிரும்போது அதில் மின்சைகை உண்டாகும். நைலான் தந்தியில் அது வேலை செய்யாது. வினையில் பார்த்த "கண்டறிதல், வாங்குதல்" பொருள்தான் இங்கே கருவிக்குப் பெயராக வந்திருக்கிறது. கூரியர் நிறுவனத்தின் "பிக்-அப் டைம்" என்றால் வந்து பார்சலை எடுத்துக்கொள்ளும் நேரம், கொண்டுவந்து கொடுக்கும் நேரம் அல்ல.

பயிற்சிக்கு ஒரு யோசனை. "பொருள் தருக" என்று கேட்காதீர்கள். வாக்கியத்தில் பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போங்கள்: "ஹீ பிக்ட் அப்" என்று எழுதி, அடுத்து ஒரு பென்சில், ஒரு கெட்ட பழக்கம், மூணாறில் ஒரு காய்ச்சல், தன் மகள் பள்ளியிலிருந்து, ஓட்டல் பில், மெல்லிய ஒரு சத்தம். ஆறுக்கும் முதலில் தமிழ் வினையைச் சொல்ல வேண்டும், பிறகு ஆங்கில ஒற்றைச் சொல். அதன் பிறகு ஒற்றைச் சொல்லை வாக்கியத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு "அக்வையர்", மகளுக்கு "அக்வையர்" என்று போடுகிறவர்கள் அந்த நிலையில் தாமே பிழையைக் கேட்டுவிடுவார்கள்.

பதில்: ஒட்டுத்திண்ணை

அந்தப் பயிற்சியோடு இன்னொரு சுற்று: ஆறு வாக்கியத்திலும் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு "இட்" அல்லது "ஹெர்" போட்டுத் திரும்ப எழுதச் சொல்லுங்க. "ஹீ பிக்ட் இட் அப்", "ஹீ பிக்ட் ஹெர் அப் ஃப்ரம் ஸ்கூல்". வரிசையும் பழகும், மகளுக்கு "ஃப்ரம் ஸ்கூல்" ஏன் விடக்கூடாது என்றும் தெரிந்துவிடும்.